வருமானக் கட்டத்தை நிரப்புவது யார்? கடன் சட்டங்கள் பற்றிய பேச்சு

ஒரு வாசகர் கேட்டது: "தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2025-ல் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. இதற்கு மேலும் சட்டத்தைத் திருத்து என்று ஏன் கேட்கிறீர்கள்? கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கட்டத்தானே வேண்டும்?"

5 அக்டோபர் 2025, இரவு

கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் அம்மா மன்னார்குடியில் தெருவோரம் காய்கறிக் கடை போட்டவர். இருபது வருஷத்துக்கு மேல் தண்டல் கட்டினார். காய்ச்சலில் படுத்த நாளில்கூடப் பக்கத்துக் கடை அக்காவிடம் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். வாங்கிவிட்டுக் கட்டாதவர்களை அம்மாவுக்கு இன்றைக்கும் பிடிக்காது.

ஆனால் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பது அத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாது. 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500 வரும். 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள். ஒரு சின்ன மஞ்சள் அட்டை, அதில் நூறு கட்டம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வண்டியில் வருபவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அட்டையில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்காது, வட்டி இருக்காது, 8,500 என்ற எண்ணும் இருக்காது. நூறு நாளுக்குப் பதினைந்து சதவீதம். வருஷத்துக்குப் போட்டால் 55 சதவீதம் வருகிறது.

2003 சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு அந்த வண்டி வராத நாள் இல்லை. சட்டம் இருக்கிறது என்பது தெரியும். அது எந்த இடத்தில் கைவைக்கிறது, எந்த இடத்தை விட்டுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

6 அக்டோபர்

நேற்று எழுதிய 55 தவறு. கணக்குத் தெரிந்த ஒருவர் காலையிலேயே சொன்னார். முதல் நாளிலிருந்தே பணம் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் அசலில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும். மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது.

120 சதவீதம் என்றால் ஊர்ப் பேச்சில் பத்து வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். "பத்து வட்டிக்கு வாங்குறவங்க குடும்பம் உருப்படாது" என்று சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தார். அவர் வாங்கியதும் அதே பத்து வட்டிதான் என்று இன்று மத்தியானம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நியாயமா எவ்வளவு வாங்கியிருக்கணும்?" என்று கேட்டார். வருஷத்துக்கு 24 சதவீதம் என்று வைத்துப் பார்த்தாலும் அந்த நூறு நாளுக்குச் சுமார் 280 ரூபாய்தான் வருகிறது. 1,500 கொடுத்திருக்கிறார். வருஷத்துக்கு மூன்று தண்டல், இருபது வருஷம். மொத்தத்தைக் கூட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

10 அக்டோபர்

"போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதுதானே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என்ன ஆதாரத்தோடு போவது? பெரிய தொகைக்குத் தண்டல்காரர் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்குவார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. தொகை, தேதி, வட்டி எல்லாம் காலி. சில பேரிடம் வெற்று செக்கும் உண்டு. தகராறு வந்தால் 20,000 வாங்கியவர் 1,00,000 வாங்கியதாக அந்தத் தாள் சொல்லும், வட்டி என்ற இடத்தில் நியாயமான ஒரு சதவீதம் எழுதியிருக்கும். படித்துப் பார்க்கும் யாருக்கும் அதில் கந்துவட்டி தெரியாது.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளை வைத்திருப்பவருக்கு அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. வெற்று செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வியாபாரிகளுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அது சரியாக இருக்கலாம். காய்கறி விற்கும் அம்மாவுக்கும் அதே விதியா? தனிநபருக்குச் சிறு கடன் கொடுப்பவர் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதையே தனிக் குற்றமாக்க வேண்டும். அந்தத் தாள் நீதிமன்றத்தில் செல்லவும் கூடாது. என் முதல் கோரிக்கை இது.

மற்றபடி வட்டிக்கு உச்சவரம்பு சட்டத்தில் எல்லோருக்கும் இருக்கத்தான் இருக்கிறது.

14 அக்டோபர்

மேலே உள்ள கடைசி வரியைத் திருத்துகிறேன். எல்லோருக்கும் இல்லை.

2003 சட்டம் மிகை வட்டி எது என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அரசு அறிவிக்கும் வட்டிக்கு மேல் போனால் குற்றம். ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களை மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டங்கள் கட்டுப்படுத்தாது என்று 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரளாவிலிருந்து போன வழக்கு அது. வங்கிகளுக்கு இந்தக் கவலை முன்பே இல்லை. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடனை நீதிமன்றம் திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவே இருக்கிறது.

அப்படியானால் ரிசர்வ் வங்கி ஒரு எண் வைத்திருக்கிறதா? குழுக்கடன் நிறுவனங்களுக்கு முன்பு வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. வட்டியை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம், அளவுக்கு மீறக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறது. எவ்வளவு போனால் அளவுக்கு மீறியது? எண் கிடையாது.

கிரெடிட் கார்டிலும் இதுதான் கதை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பதிவு இல்லாத தண்டல்காரருக்கு ஒரு எண் இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. பதிவு செய்த நிறுவனத்தைக் கேட்க ரிசர்வ் வங்கி இருக்கிறது, எண் இல்லை. எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

19 அக்டோபர்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் 2017 முதல் 2019 வரை ஒரு குழுக்கடன் நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். திருவாரூர் மாவட்டத்தில் பதினாறு சென்டர் என் பொறுப்பு.

காலை ஏழு மணிக்கு முதல் சென்டர் மீட்டிங். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து உறுதிமொழி சொல்வார்கள். பிறகு வசூல். புதுக் கடன் கேட்பவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. அதில் ஒரு கட்டம்: குடும்பத்தின் ஆண்டு வருமானம். அப்போதைய விதிப்படி கிராமத்தில் 1,00,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் எல்லோருக்கும் 96,000 என்று எழுதினேன். மாதம் எட்டாயிரம். கொத்தனார் வீட்டுக்கும் 96,000, வயல் வேலைக்குப் போகும் விதவைக்கும் 96,000. மேலே இருந்தவர் யாரும் ஏன் எல்லாம் ஒரே எண் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்களிடம் நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன், போட்டுவிடுவார்கள்.

இப்போது விதி மாறிவிட்டது. 2022-லிருந்து குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,00,000 வரை இருக்கலாம். ஆனால் எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. மனதாரச் சொல்கிறேன், நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் பல பேர் தப்பித்திருப்பார்கள். ஆனால் இன்னும் அந்த வேலையில் இருக்கும் தோழி சொல்கிறாள்: "அப்ப குறைச்சு எழுதினோம், இப்ப கூட்டி எழுதுறோம்." வருமானத்தைக் கூட்டினால்தானே பாதியும் கூடும்.

2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நான்கு நிதி நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கலாம். சொன்ன காரணங்களில் ஒன்று அளவுக்கு மீறிய வட்டி. இன்னொன்று, குடும்ப வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள தவணைகளையும் ஒழுங்காகக் கணக்கில் எடுக்காதது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் பென்சில் குறிகள்தான் கண்ணுக்கு வந்தன.

வாசலுக்கு வந்து மிரட்டுபவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பொய்யாக நிரப்பிக் கடனைத் தலையில் கட்டியவருக்கு என்ன தண்டனை? தாங்க முடியாத கடனைத் தெரிந்தே கொடுத்தால் அந்தக் கடனுக்கு வட்டி கேட்கும் உரிமை போய்விடும் என்று சட்டம் சொல்லட்டும். அசலை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். அப்படி வந்தால் நாளைக்கே எல்லா நிறுவனமும் வருமானத்தை வீடு வீடாக உட்கார்ந்து கேட்கும்.

20 அக்டோபர்

"நீயும் உடந்தைதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். அதனால்தான் எழுதுகிறேன்.

23 அக்டோபர்

இன்றோடு எட்டு வருஷம். 2017-ல் இதே நாள், ஒரு திங்கட்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பமே தீயில் போனது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கந்துவட்டிப் புகாரோடு ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்தவர்கள். இப்போதும் திங்கட்கிழமைகளில் குறைதீர் கூட்டத்துக்குப் போனால் வாசலில் போலீஸ் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பையைப் பார்ப்பதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள். முந்தைய வாரம் கொடுத்த மனு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கும் அதே வாசலில் ஒரு மேசை போடலாம்.

வேறு எதுவும் இன்று எழுதத் தோன்றவில்லை.

27 அக்டோபர்

ஒரு அண்ணன் நியாயமான கேள்வி கேட்டார். தண்டலை ஒழித்துவிட்டால் உங்கள் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் சரக்கு எடுக்க யாரிடம் போவார்?

இதை நான் யோசித்திருக்கிறேன். ஆந்திராவில் 2010 அக்டோபரில் குழுக்கடன் நிறுவனங்கள் மேல் அவசரச் சட்டம் போட்டார்கள். கொடுமை நடந்தது உண்மை, உயிர்கள் போனதும் உண்மை. ஆனால் வசூல் அப்படியே நின்று, நிறுவனங்கள் கடன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டன. பணத் தேவை மட்டும் நிற்கவில்லை. பல பெண்கள் திரும்பவும் ஊர் வட்டிக்காரரிடமே போனார்கள். அதனால், எல்லாவற்றையும் தடை செய் என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு 2021-ல் சாலையோர வியாபாரிகள் திட்டத்தில் வங்கியில் 10,000 கிடைத்தது. வட்டியில் 7 சதவீதம் மானியம். நல்ல உதவி. ஆனால் அது ஒரு முறை வரும் பணம், மாதத் தவணை. தண்டல்காரர் நாலு மணிக்கு மார்க்கெட்டில் நிற்பார், வங்கி பத்து மணிக்குத் திறக்கும். அம்மாவிடம் மாதக் கடைசியில் மொத்தமாக 900 ரூபாய் இருக்காது, தினம் 30 ரூபாய் இருக்கும். தினமும் கட்டுகிற மாதிரி ஒரு கடனை நகரக் கூட்டுறவு வங்கியோ கடன் சங்கமோ மார்க்கெட் வாசலில் வைத்துக் கொடுத்தால், அம்மா மாதிரி ஆட்கள் ஒரே வாரத்தில் மாறிவிடுவார்கள். சட்டத்தோடு இதுவும் சேர்ந்து வராவிட்டால் நான் கேட்கும் திருத்தமும் ஆந்திரா வழியில்தான் போகும். இதை அந்த அண்ணனுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

2 நவம்பர்

எண் என்ன வைப்பது என்று பேச்சு நீண்டுவிட்டது. 24 என்கிறார் ஒருவர், 36 என்கிறார் இன்னொருவர். சதவீதத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, சதவீதத்தை மறைக்க வழி உண்டு. என் தம்பி டூவீலர் லோன் வாங்கினான். "பன்னெண்டு பர்சென்ட்தான் சார், பிளாட்." 1,00,000-க்கு இரண்டு வருஷத்துக்கு 24,000 வட்டி, மாதம் 5,167. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 21.6 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் எல்லாச் செலவும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை முக்கிய விவர அறிக்கையில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. தம்பிக்கும் கொடுத்திருக்கிறார்கள். வண்டிச் சாவியோடு கொடுத்த உறையில், இன்ஷூரன்ஸ் தாளுக்குப் பின்னால் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

அதனால் எனக்குப் பழைய வழி ஒன்று பிடித்திருக்கிறது. 1938-ல் ராஜாஜி முதன்மை அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பழைய கடன்களுக்கு அதில் ஒரு ஏற்பாடு: அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முழுக்கத் தீர்ந்தது. வட்டி வீதமே தெரிய வேண்டாம். கட்டியதைக் கூட்டத் தெரிந்தால் போதும்.

இங்கிலாந்திலும் சம்பளத்துக்கு முன் வாங்கும் குறுங்கடன்களுக்கு 2015 ஜனவரியிலிருந்து இதே மாதிரி ஒரு வரம்பு உண்டு. நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதோடு வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. அதாவது 100 பவுண்டு வாங்கியவர் என்ன ஆனாலும் 200-க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. 1938-ல் நம் ஊரில் எழுதியதற்கு இது எவ்வளவு பக்கம் பாருங்கள்! இரட்டிப்புக்கு மேல் கிடையாது என்ற ஒரு வரியை எல்லாச் சிறு கடனுக்கும், பதிவு செய்தவர் செய்யாதவர் என்ற பேதமில்லாமல் வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் தன் கடன் எப்போது தீரும் என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்.

3 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு குறை. நூறு நாள் தண்டலுக்கு இரட்டிப்பு வரம்பு எந்த வேலையும் செய்யாது. 8,500-க்கு 10,000 தான் கட்டுகிறோம், இரட்டிப்பை எட்டவே எட்டாது. அம்மாதான் இதைப் பிடித்தார். ஆகவே குறுகிய நாள் கடனுக்கு இங்கிலாந்து மாதிரி நாளுக்கு இவ்வளவு என்ற எண்ணும் சேர்ந்தே வேண்டும். அதற்காக அங்கே வைத்த 0.8-ஐ அப்படியே எடுத்தாலும் ஆகாது. நம் தண்டல் நாளுக்கு 0.33 தான், அதுவே ஆளை விழுங்குகிறது.

9 நவம்பர்

ஆப் கடன் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் ஆப் உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது. பணம் நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு வெளியே வரலாம், அபராதம் கிடையாது. காண்டாக்ட் லிஸ்டைக் கேட்கிற ஆப் என்றால் அங்கேயே மூடிவிடுங்கள். படத்தை மாற்றி மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார், முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், உதவிக்கு 14448.

16 நவம்பர்

2018-ல் இதே நாள் விடியற்காலை கஜா புயல் அடித்தது. முத்துப்பேட்டைப் பக்கம் என் சென்டர்கள் ஐந்து. தென்னை எல்லாம் வேரோடு படுத்துக் கிடந்தது. பாதி வீட்டுக்கு ஓடு இல்லை, கரண்ட் இல்லை. சில நாள் மீட்டிங் நடக்கவில்லை. அப்புறம் கிளையிலிருந்து "நேரில் போய்ப் பேசிப் பாருங்கள்" என்றார்கள்.

ஒரு சென்டரில் ஒருத்தி மட்டும் வரவில்லை. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் பொறுப்பு. அவர்களுக்கு அடுத்த லோனும் வராது. நான் யாரையும் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. "அவங்க கட்டினாத்தான் இந்த வாரம் உங்க கார்டிலயும் கையெழுத்து" என்று மட்டும் சொன்னேன். மேலிருந்து சொல்லச் சொன்ன வாக்கியம் அது. நாலு பேரும் எழுந்து போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. நாலு பேர் வீட்டிலும் கூரை இல்லை. பத்து மணியிலிருந்து மூணு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் அவள் பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டு போனாள். அடகு வைத்து 1,080 ரூபாயோடு வந்தாள். தவணை 1,090. பத்து ரூபாய் நான் போட்டு, கார்டில் கையெழுத்துப் போட்டேன். அந்த அண்டாவின் விளிம்பில் அவள் அம்மா பெயர் வெட்டியிருந்தது. வேலையை விட்டது அடுத்த மார்ச்சில்தான், உடனே விடவில்லை.

இன்றைய விதியில் குழுக்கடனுக்குக் காலை ஒன்பதுக்கு முன், மாலை ஆறுக்குப் பின் தொந்தரவு செய்யக் கூடாது. குறித்த இடத்தில்தான் வசூல். இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் மட்டும் வீட்டுக்குப் போகலாம். 2025 தமிழ்நாட்டுச் சட்டத்தில் வலுக்கட்டாய வசூலுக்கு மூன்று வருஷம் வரை சிறை, 5,00,000 வரை அபராதம். எல்லாம் சரி. ஆனால் அன்று நான் விதியை மீறிய இடம் எது என்று யாராவது காட்டுங்கள். பகலில், சத்தமில்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்களை வைத்து நடந்தது. ஒருத்தியின் தவணைக்காக இன்னொருத்தியின் வரவை நிறுத்தி வைப்பதும், குழுவை வாசலில் உட்கார வைப்பதும் நிறுவனமே செய்த வலுக்கட்டாயம் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். புயல், வெள்ளம் என்று அரசு அறிவித்த தாலுகாக்களில் தவணை தானாகவே தள்ளிப்போக வேண்டும். யாரும் மனு கொடுக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

30 நவம்பர்

எதிர் வீட்டில் இருப்பவள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், கணவர் இல்லை. மகளுக்கு நர்ஸிங் படிப்புக்குக் கட்ட 60,000 வேண்டும். குழுக்கடன் விண்ணப்பம் வந்தபோது என்னைக் கூப்பிட்டாள். வருமானக் கட்டத்தை அவளையே நிரப்பச் சொன்னேன். மாதம் 11,000 என்று எழுதினாள். ஏற்கெனவே உள்ள தவணை 4,200. பாதி என்பது 5,500. ஆக புதுத் தவணை 1,300-க்குள் இருக்க வேண்டும். களப்பணியாளர் சின்னப் பையன், "அக்கா, பதினெட்டாயிரம்னு போட்டா அறுபதும் கிடைச்சிடும்" என்று நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். மாற்ற வேண்டாம் என்றேன்.

நேற்று வந்தது 24,000. விதி சரியாக வேலை செய்திருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் மீதி 36,000-க்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டபோது பதில் சொல்லாமல் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கிராமுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரிக்க நாளைக் காலை நானும் அவளோடு போகிறேன்.